மூடிக்குள் எழுதிய பெயர்

1

போன செவ்வாய்க்கிழமை காலை, நான் சுற்றிய மோட்டார் ஒன்று பட்டறைக்குத் திரும்பி வந்துவிட்டது.

மோட்டார் சுற்றுகிறவனுக்கு இதைவிடக் கெட்ட செய்தி கிடையாது. எரிந்துபோன மோட்டாரின் வயிற்றைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டு, புதுக் கம்பியை எண்ணிச் சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்பதுதான் என் தொழில். ஒழுங்காகச் சுற்றியிருந்தால் அந்த மோட்டார் பல வருடங்களுக்கு நம் பக்கம் தலைவைத்துப் படுக்காது. இதுவோ பதினோரே மாதத்தில் வந்து நிற்கிறது.

பால் பண்ணை ஒன்றின் தண்ணீர்ப் பம்புக்கான மோட்டார் அது. வண்டியிலிருந்து இறக்கும்போதே அடையாளம் தெரிந்துவிட்டது. என்ன கோளாறு என்று வண்டிக்காரரிடம் கேட்டேன். கத்தியது, நிறுத்திவிட்டோம் என்றார். அதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை. திரும்பி வந்த மோட்டாரை முதலாளி கெவின் முன்னால்தான் பிரிக்க வேண்டும் என்பது இந்தப் பட்டறையில் சட்டம். கெவினோ பக்கத்து ஊருக்குப் போயிருந்தார், மதியம்தான் வருவார். காலையில் போட்ட டீ அப்படியே ஆறிப்போனது. வேறு வேலை ஓடாமல் அந்த மோட்டாரைச் சுற்றிச் சுற்றி வந்த அந்த மூன்று மணி நேரத்தில் நினைவுக்கு வந்ததை எல்லாம்தான் இங்கே எழுதுகிறேன். ஊரில் என்னைத் தெரிந்தவர்கள் படித்தால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

2

நான் அருள். கவரப்பேட்டை பக்கம். எங்கள் நைனா அடுத்தவர் நிலத்தில் நாற்று சுமந்தவர். நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குள் நுழைந்து மோட்டார் சுற்றக் கற்றுக்கொண்டேன். பத்து வருடத்துக்கு மேல் ஒரே கடையில் இருந்தேன். என்னோடு அதே பெஞ்சில் உட்கார்ந்து சுற்றியவன் தேசப்பன், என் வயதுக்காரன். இரும்புக் கம்பி உருட்டும் மில்கள் ராத்திரி பகல் ஓடுகிற ஊரில் மோட்டாருக்கு ஓய்வேது? எரிந்துகொண்டே இருக்கும், நாங்களும் சுற்றிக்கொண்டே இருப்போம்.

எங்கள் கடையில் ஒரு பழக்கம் உண்டு. மோட்டாரின் பக்கவாட்டில் கரண்ட் வயர் சேரும் சின்னப் பெட்டி இருக்கும், அதற்கு ஒரு தகர மூடி. வேலை முடிந்ததும் அந்த மூடியின் உள்பக்கத்தில், சுற்றியவன் பெயிண்டால் எழுத வேண்டும். தன் பெயர், எத்தனை சுற்று, எத்தனையாம் நம்பர் கம்பி, என்ன தேதி. நாளைக்கு மறுபடி எரிந்தால் யார் மானம் போக வேண்டும் என்பதற்காக வைத்த பழக்கம் அது. சுற்றுக் கணக்கு அடுத்தவனுக்கு உதவும் என்பதெல்லாம் அப்புறம்தான். தேசப்பன் பெயர் போட்ட மோட்டார் திரும்பி வந்தால் அன்றைய நாஷ்டா அவன் செலவு. என் பெயர் வந்தால் என் செலவு. ஆயுத பூஜைக்கு எல்லா மூடிக்கும் தேசப்பன் சந்தனம் குங்குமம் வைப்பான். என் மூடிகளுக்கும் சேர்த்துத்தான். கோயில் வேறு, சர்ச் வேறு என்று நாங்கள் சண்டை போட்டதில்லை, நாஷ்டாவுக்குத்தான் போட்டிருக்கிறோம்.

பெரிய மோட்டார்களைக் கழற்றி வெளியே கொண்டுவர முடியாது. நாங்கள்தான் மில்லுக்குள் போய்ச் சுற்ற வேண்டும். உள்ளே போக கேட் பாஸ் வேண்டும். பாஸ் எடுத்துத் தருகிற காண்டிராக்டர் எல்லோருக்கும் ஒரே பதவிதான் போடுவார்: ஹெல்பர். தொழில் தெரிந்தவன் என்று போட்டால் அதற்குச் சான்றிதழ் கேட்பார்கள், பரீட்சை வைப்பார்கள், அவருக்கு அது பேஜாரு. ஆகவே தேசப்பனும் ஹெல்பர், நானும் ஹெல்பர், எங்களைக் கூட்டிப்போன வேன் டிரைவரும் ஹெல்பர். கார்டில் என்ன போட்டிருந்தால் என்ன, கை தெரியாதா என்று விட்டுவிட்டோம். அதன் விலை பிறகுதான் தெரிந்தது.

3

என் மனைவி ஜெயராணி நர்ஸ். அத்திப்பட்டுக்காரி. நியூசிலாந்தில் வேலை கிடைத்தது அவளுக்கு. நானும் எங்கள் மகள் ஷைனியும் அவளுடைய வால். விசா படிவத்தில் என் பழைய வேலையைக் கேட்டிருந்தார்கள். கையில் இருந்த ஒரே காகிதம் அந்த கேட் பாஸ் கார்டுகள். கடை முதலாளி கடையை மூடிவிட்டு ஆந்திராவில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார், அவரிடம் லெட்டர்பேடு என்று ஒன்று இருந்ததே இல்லை. காகிதத்தில் இருப்பதைத்தான் எழுத வேண்டும், மாற்றி எழுதினால் எல்லோருடைய விசாவும் போகும் என்று ஏஜென்ட் மிரட்டினார். என் கையாலேயே 'ஹெல்பர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இங்கே வந்து இறங்கியது கிவிப்பழம் விளைகிற ஒரு சின்ன ஊர். பழம் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்கும் கொட்டகையில் வேலை கிடைத்தது. வேலை கேவலமில்லை. என்னோடு நின்றவர்களில் கணக்கு வாத்தியார் ஒருவர், பேக்கரி வைத்திருந்த ஒரு பெண்மணி, எல்லாத் தேசத்தாரும் இருந்தார்கள். பழம் உருண்டு வரும், கெட்டதைத் தள்ளி நல்லதை அடுக்க வேண்டும். இரண்டரை வருடம் அடுக்கினேன். பழத்தின் ரோமம் சட்டையில் ஒட்டும், கழுத்து அரிக்கும். அதெல்லாம் பழகிவிட்டது. கை மட்டும் பழகவில்லை. தூக்கத்தில் என் விரல்கள் எதையோ சுற்றுகின்றன என்று ஜெயராணி சொல்வாள்.

அந்த நாட்களில் ஷைனி, பள்ளிக்கு ஒரு தெரு முன்பே இறக்கிவிடச் சொல்வாள். "ஃப்ரெண்ட்ஸ் அங்கேர்ந்து நடப்பாங்கப்பா." அவள் அப்படிச் சொன்னதும் என் சட்டையைத்தான் பார்த்துக்கொண்டேன். நம்பினேன் என்று சொல்ல முடியாது. அவளிடம் கேட்கவும் தைரியம் வரவில்லை. வீட்டில் நாங்கள் தமிழில் கேட்பது அவள் காதில் ஆங்கிலமாக மாறி, பாதி நேரம் ஆங்கிலத்திலேயே பதில் வர ஆரம்பித்திருந்த காலம் அது.

ஒருநாள் பழம் ஓடுகிற பெல்ட்டின் அடியிலிருந்து வாசனை வந்தது. வார்னிஷ் வேகிற வாசனை. அது எனக்குத் தூக்கத்திலும் தெரியும். ஓடிப்போய் மேற்பார்வையாளரிடம், மோட்டார் நாறுகிறது என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். நாற்றம் பொறுக்கவில்லை என்று நினைத்த அந்தப் பெண், பாவம், முகக்கவசம் ஒன்று எடுத்துக் கொடுத்தாள். அதை மாட்டிக்கொண்டு திரும்பி வந்து பழம் அடுக்கினேன். அரை மணி நேரத்தில் புகை கிளம்பி எல்லாம் நின்றது.

4

எரிந்த மோட்டாரை எடுத்துப்போக வந்தவர்தான் கெவின். அறுபது வயதிருக்கும். அந்த ஊரில் மோட்டார் பட்டறை வைத்திருப்பவர். மேற்பார்வையாளர் என்னைக் கைகாட்டி, இவர் முன்பே சொன்னார் என்று சொல்லிவிட்டாள். கெவின் என் பக்கம் வந்தார். எப்படித் தெரிந்தது என்று கேட்டார். மூக்கைத் தொட்டுக் காட்டினேன். ஊரில் என்ன வேலை செய்தாய் என்று கேட்டார்.

அந்த நிமிடத்துக்காகத்தான் நான் இரண்டரை வருடம் காத்திருந்தேன். வாயைத் திறந்தேன். விசா படிவம் கண் முன்னால் வந்து நின்றது. "ஹெல்பர், சார்" என்றேன்.

அப்படியா என்று தலையாட்டிவிட்டு அவர் மோட்டாரை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து ஜெயராணியிடம் சொன்னேன். சாதாரணமாக அவள் கத்த மாட்டாள்.

"ஏங்க, வாய்ல இன்னா கொழுக்கட்டையா வச்சிகினு இருந்தீங்க? அவுரே வந்து கேட்டிருக்காரு!"

"ஃபாரத்துல ஹெல்பர்னு எழுதிக் குடுத்துருக்கனே. இப்ப மாத்திச் சொன்னா உன் விசாவுக்கு எதுனா ஆயிடும்மா."

"நானு இங்க வந்து ஒரு வருசம் கெழவிங்களுக்குக் குளிப்பாட்டிகினு இருந்தேன். ரிஜிஸ்டர் ஆவுற வரைக்கும் நர்ஸ்னு சொல்லக் கூடாதுன்னாங்க. அப்பகூட யாரு கேட்டாலும் நானு நர்ஸ்னுதான் சொன்னேன். சொல்லாம வுட்டா நானே மறந்துடுவேன்னு பயம்." சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க ஹெல்பர்னு எழுதுனது அந்தக் கார்டுல கீறது. செஞ்ச வேலைய நீங்க இன்னும் யாருக்கும் சொல்லல. அத்தப் போய் சொல்லுங்க."

சனிக்கிழமை கெவினின் பட்டறைக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும் வார்னிஷும் செம்பும் சேர்ந்த அந்த வாசனை. எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நேரே கெவினிடம் போய், நான் சுற்றுகிறவன், அன்று தவறாகச் சொல்லிவிட்டேன் என்றேன். அவருக்கு ஆள் தேவையாகத்தான் இருந்தது. ஆனால் ஆபீசைப் பார்த்துக்கொள்ளும் லிண்டா அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்: அனுபவத்துக்கு என்ன சான்று? ஏதாவது ஒன்று இல்லாமல் காப்பீட்டுக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நான் கேட் பாஸ் கார்டுகளைக் கொடுத்தேன். அதில் அச்சடித்த ஆங்கிலத்தில் ஹெல்பர், ஹெல்பர், ஹெல்பர் என்றிருந்தது. அவர் சங்கடத்தோடு கார்டுகளைத் திருப்பிக் கொடுத்தார்.

5

தேசப்பனுக்குப் போன் போட்டேன். எங்கள் பழைய கடை இருந்த இடத்திலேயே அவன் இப்போது சொந்தமாகக் கடை வைத்திருக்கிறான்.

"இன்னாடா அருளு, எப்டிக்கீற? நாஷ்டா துன்னியா?"

இங்கே அப்போது சாயங்காலம். அது அவனுக்கு எப்போதும் நினைவிருக்காது. விஷயத்தைச் சொன்னேன். உன் கடை பேரில் ஒரு லெட்டர் அடித்துக் கொடு என்றேன்.

"என் கடையே போன வருசம்தான் தொறந்தேன். உனுக்குப் பத்து வருசம்னு எப்டிடா குட்ப்பேன்? மாட்டிக்கினா ரெண்டு பேருக்கும் பேஜாரு." பின்னால் ஏதோ மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. "டேய், கார்ட வுடு. மூடி கீதேடா!"

எனக்குப் புரியவில்லை.

"உன் பேரு போட்ட மோட்டாருங்க இன்னும் என் கடைக்கு வந்துகினுதான் கீது. பேரிங் மாத்த வருதுடா, பேரிங் மாத்த. சுத்து அப்டியே கீது. புது மூடி போட்டுக் குட்துட்டு பழச உனுக்கு அனுப்பறேன். மில்லுல நானு கேட்டுக்கறேன். தகரம்தான, வேணான்னா சொல்லப் போறாங்க?"

பேரிங் என்பது மோட்டாரின் தண்டு சுழல்வதற்காக இரண்டு பக்கமும் இருக்கிற குண்டுகள் போட்ட வளையம். அது தேயத்தான் செய்யும். அது தேய்வதற்குச் சுற்றியவன் பொறுப்பில்லை.

நான்கு மாதம் பொறுக்கி ஏழு மூடிகள் சேர்த்தான் தேசப்பன். துணியில் சுற்றிப் பார்சல் அனுப்பினான். சும்மா அனுப்பினால் போதாதா? மூடிகளுக்கு நடுவே, ஜெயராணிக்குப் பிடிக்கும் என்று, பழவேற்காட்டு இறால் கருவாட்டை ஒரு பொட்டலம் வைத்திருக்கிறான். இந்த நாட்டில் செருப்பில் ஒட்டிய மண்ணைக்கூட விமான நிலையத்தில் கழுவச் சொல்வார்கள். பார்சலைப் பிரித்து நிறுத்திவிட்டார்கள்.

அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா போனில் கேட்டார்: உங்கள் பெயருக்கு ஏழு உலோகத் தகடுகள் வந்திருக்கின்றன, அவற்றின் மேல் மஞ்சளும் சிவப்புமாகப் பொடி இருக்கிறது, இவை வழிபாட்டுப் பொருட்களா?

"இல்லை மேடம்" என்றேன். பிறகு, "ஆமாம் மேடம்" என்றேன். கடைசியில் மோட்டார் மூடி என்று விளக்கம் சொல்லி, மூன்று படிவம் நிரப்பி, தகடுகளைக் கழுவ ஒப்புதல் கொடுத்து, இரண்டு வாரம் கழித்து மூடிகள் கைக்கு வந்தன. கருவாட்டை அழித்துவிட்டோம் என்று தனியாக ஒரு கடிதம் வைத்திருந்தார்கள். ஜெயராணி அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை.

பெட்டியிலிருந்து முதல் மூடியை எடுத்துத் திருப்பினேன். சிவப்புப் பெயிண்டில் 'அருள்' என்று இருந்தது. அதன் கீழே சுற்று எண்ணிக்கை, கம்பி நம்பர், தேதி. அந்தத் தேதியில் நான் யாராக இருந்தேன் என்பது அந்தத் தகரத்துக்குத் தெரிந்திருக்கிறது. நான் மறக்கப் பார்த்ததை அது மறக்கவில்லை. மேஜையில் ஏழையும் வரிசையாக வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

6

மூடிகளைக் கெவினின் பெஞ்சின் மேல் பரப்பினேன். அவர் முதலில் தேதிகளைப் பார்த்தார். பழையது ஒன்பது வருடம், புதியது மூன்று வருடம்.

"இவை ஏன் உன் நண்பரிடம் வந்தன?"

"பேரிங்."

"ஏழுமா?"

"ஏழும்."

பிறகுதான் எண்களைப் பார்த்தார். எங்கள் ஊரில் கம்பிக்கு இன்னமும் பழைய பிரிட்டிஷ் நம்பர்தான். இங்கே எல்லாம் மில்லிமீட்டர். கெவின் தொழில் பழகிய காலத்தில் இங்கேயும் அந்த நம்பர்தானாம். நாற்பது வருடத்துக்குப் பிறகு பார்க்கிறேன் என்று சிரித்தார். பெயரின் மேல் விரலை வைத்து, இது என்ன சொல் என்று கேட்டார். என் பெயர் என்றேன். லிண்டா அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

லிண்டா அம்மா ஏழு மூடிகளையும் போட்டோ எடுத்துப் படிவத்தோடு சேர்த்தார். முந்தைய வேலை என்ற கட்டத்தில் மோட்டார் சுற்றுபவர் என்று அடித்தார். கேட் பாஸில் ஏன் வேறு மாதிரி இருக்கிறது என்பதற்கு இரண்டே வரியில் விளக்கம் எழுதினார். காப்பீட்டுக்காரர்கள் ஒரு சொல் கேட்கவில்லை. விசாக்காரர்களும் கேட்கவில்லை. நான் இரண்டரை வருடம் பயந்து செத்தது அந்த இரண்டு வரிக்குத்தான்.

மூடிகளைக் காட்டிய அன்றைக்கே ஓர் எரிந்த மோட்டாரைக் கொடுத்துச் சுற்றச் சொன்னார் கெவின். பத்து நிமிடம் பக்கத்தில் நின்று என் கையைப் பார்த்தார். அப்புறம் ஒன்றும் சொல்லாமல் டீ குடிக்கப் போய்விட்டார். எனக்கு வேலை கிடைத்துவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது. நம்பாதவன் பக்கத்திலேயே நிற்பான், அது எந்த ஊரானாலும்.

இதெல்லாம் நடந்து ஒன்றரை வருடமாகிறது. இங்கே மோட்டாருக்கெல்லாம் கம்ப்யூட்டரில் விவரம் ஏறுகிறது, மூடிக்குள் யாரும் எழுதுவதில்லை. நான் மட்டும் எழுதுகிறேன். கெவின் தடுக்கவில்லை.

பதினோரு மாதத்துக்கு முன் பள்ளி விடுமுறையில் ஷைனி ஒருநாள் பட்டறைக்கு வந்தாள். வீட்டில் தனியாக விட முடியாதென்று கூட்டி வந்தேன். போனை நோண்டி நோண்டிச் சலித்துப்போய், நான் மூடியைக் கழற்றுவதைப் பார்க்க வந்தாள்.

"ஏம்பா உள்ளே எழுதறீங்க? வெளியே எழுதினாத்தானே தெரியும்?"

"எரிஞ்சா தொறப்பாங்க. யாரு சுத்துனதுன்னு அப்பத் தெரியும்."

"எரியலைன்னா?"

"யாருமே பாக்க மாட்டாங்க."

"அப்போ நல்லா செஞ்சா யாருக்கும் தெரியவே தெரியாதா?" அவளுக்கு அது அநியாயமாகப் பட்டது. "நான் எழுதட்டுமா?" என்றாள்.

அவளுக்குத் தமிழ் எழுதத் தெரியாது. துணி ஒன்றில் எழுதிக் காட்டினேன். நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு பார்த்துப் பார்த்து வரைந்தாள். அ பெரிதாகவும் மற்றவை சின்னதாகவும், மூடியின் ஓரத்தை இடித்துக்கொண்டும் வந்தன. நன்றாக இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். அவள் மூன்று எழுத்து எழுதிய அந்த மூடிதான் பால் பண்ணைப் பம்பு மோட்டாருக்குப் போனது.

அதே மோட்டார்தான் செவ்வாய்க்கிழமை திரும்பி வந்தது.

7

கெவின் பன்னிரண்டரைக்கு வந்தார். நான்கு திருகையும் கழற்றி மூடியை எடுத்தேன். உள்ளே என் பெயர், ஷைனியின் கையில், ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. பெயிண்ட் துளிகூடக் கருகவில்லை. ஆனாலும் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. குனிந்து முகர்ந்து பார்த்தேன். கருகல் வாசனை இல்லை, ஆனால் என் மூக்கையே நான் நம்பவில்லை. கெவின் வயர்களைச் சோதிக்கும் கருவியை மாட்டினார். முள் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே போய் நின்றது. இரண்டாவது தடவையும் அங்கேயே நின்றது. தண்டைக் கையால் பிடித்துச் சுழற்றினார். கரகரவென்று அரைத்தது.

"பேரிங்" என்றார். டீ குடிக்கப் போய்விட்டார்.

நான் மூடியைப் போட்டோ எடுத்துத் தேசப்பனுக்கு அனுப்பினேன். கும்மிடிப்பூண்டியில் அப்போது விடிந்திருக்கவில்லை. தண்ணீர் பிடிக்க எழுந்தானோ என்னவோ, உடனே கூப்பிட்டுவிட்டான்.

"இன்னாடா, எரிஞ்சிருச்சா?"

"இல்லடா. பேரிங்தான்."

"அதான பாத்தேன். ஆமா, இது உன் கையெழுத்து இல்லியே. யார்து?"

"ஷைனி எழுதுனா."

"அப்ப இனிமே ஒயுங்கா சுத்து. எரிஞ்சா உன் மானம் மட்டும் போவாது, கொயந்த மானமும் சேந்து போவும்."

சரிடா என்றேன். பேரிங்கை மாற்றி, அதே மூடியை வைத்து, நான்கு திருகையும் இறுக்கினேன்.